வெல்டிங் பிளான்டுக்கு வண்டி செய்யப்போய் 47,170 ரூபா போன கதை

என் செலவுக் கொப்பியில் கடைசியாகக் கூட்டிப் போட்ட தொகை 47,170 ரூபா. அந்தக் காசுக்கு என்னிடம் இப்போது இருப்பது இரண்டடி நீளமும் ஒன்றரையடி அகலமும் உள்ள ஓர் இரும்பு வண்டி. எல்லாம் முடிந்த பிறகு ஒரு வெல்டிங் கடையில் சும்மா விலை கேட்டுப் பார்த்தேன். 14,000 ரூபா, இரண்டு நாளில் தருகிறோம் என்றார்கள். அன்று இரவு நித்திரை வரவில்லை. ஆனாலும் யாரையும் செய்ய வேண்டாம் என்று தடுக்க இதை எழுதவில்லை. தொடங்கும் முன் விஷயம் தெரிந்த ஒருவர் என்னைக் கதிரையில் இருத்தி ஒரு மணித்தியாலம் கதைத்திருந்தால் பாதிக் காசு மிஞ்சியிருக்கும். எனக்கு அப்படி ஒருவரும் இருக்கவில்லை. ஒருவர் மட்டும் ஒரு வசனம் சொன்னார், அதையும் நான் கேட்கவில்லை.

எங்கள் வீடு திருகோணமலையில் அலஸ்தோட்டத்தில், கடலிலிருந்து கூப்பிடு தூரம். நான் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். கணவர் கட்டாரில். போன தடவை லீவில் வந்தபோது ஒரு சின்ன இன்வேர்ட்டர் வெல்டிங் பிளான்ட், அதாவது மின்சாரத்தால் இரும்பு ஒட்டும் மெஷின், கொண்டுவந்தார். 200 அம்பியர் என்று மேலே எழுதியிருக்கும், பாரம் ஐந்து கிலோ வராது, தோளில் கொழுவிக்கொண்டு போகலாம். அவர் திரும்பிப் போய் இரண்டு மாதத்தில் கேட்டின் கீழ்ப் பிணைச்சலை உப்புக்காற்று தின்று முடித்துவிட்டது. வெல்டிங்காரர் மூன்று மாதமாக "நாளைக்கு வாறன் டீச்சர்" என்றார். அந்த இடைவெளியால் நாய் புகுந்து மாமியின் நாலு கோழிக்குஞ்சைக் கொண்டுபோன அன்று, ஆத்திரத்தில் நானே பிளான்டை எடுத்து ஒட்டினேன். பார்க்கச் சகிக்காது, ஆனால் இன்றுவரை விடவில்லை. அந்த ஒரு ஒட்டுத்தான் எனக்குத் தலைக்கனம் தந்தது.

பிளான்டை வைத்திருந்தது பின்பத்தியில், வெறும் தரையில். மாரி தொடங்கினால் அந்தப் பத்திக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். முந்தின வருடம் அப்படித்தான் உடுப்புத் தோய்க்கும் மெஷினின் மோட்டர் போனது. ஆகவே பிளான்டைத் தரையிலிருந்து தூக்கி வைக்க வேண்டும், மழை வந்தால் அப்படியே வீட்டுக்குள் தள்ளிக்கொண்டு வரவேண்டும். இதற்கு ஒரு சில்லு வைத்த வண்டி செய்யலாம், ஆகஸ்ட் விடுமுறையில் இரண்டு நாள் வேலை என்று கணக்குப் போட்டேன். மொத்தம் ஐந்து கிழமை போனது.

வண்டியின் படத்தை வெளிநாட்டுக்காரர் ஒருவரின் வீடியோவிலிருந்து எடுத்தேன். மேல்தட்டு முன்பக்கம் சரிந்திருக்கும், குனியாமலே குமிழ்களைத் திருப்பலாம். கீழே ஒரு தட்டு, பக்கத்தில் வயர் சுற்றிவைக்கக் கொழுக்கி, பின்னால் எரிவாயு சிலிண்டர் நிற்க ஒரு தட்டு, அடியில் நாலு சின்னச் சில்லு. மகனின் சதுரக்கோட்டுக் கொப்பியில் அளவோடு வரைந்தபோது எனக்கே என்னில் ஒரு மதிப்பு வந்தது. அந்த மனிதரின் மெஷின் காஸில் வேலை செய்கிற பெரிய மெஷின், அதற்குத்தான் சிலிண்டர். என்னுடையது வெல்டிங் குச்சியை உருக்கி ஒட்டுவது, சிலிண்டரே தேவையில்லை. இதை நான் யோசிக்கவில்லை. அவருடைய நிலம் கண்ணாடி மாதிரி வழுவழுப்பான சீமெந்து. அதையும் பார்க்கவில்லை. சில்லைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அது தனிக் கதை.

டவுனில் இரும்புக்கடைக்குப் போனேன். "யாருக்கு மகள்?" என்றார் கடை நானா. "எனக்குத்தான் நானா" என்றேன். ஒருக்கால் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எத்தனை தடிப்பு?" என்று கேட்டார். பொக்ஸ் பாரில், அதாவது உள்ளே வெறுமையான சதுர இரும்புக் குழாயில், ஒரு இஞ்சி, ஒன்றரை இஞ்சி என்று வெளி அளவு இருப்பது தெரியும். சுவரின் தடிப்பு என்று ஒன்று இருப்பது தெரியாது. இருப்பதில் விலை குறைந்ததைக் காட்டினேன். "இது 1.2 மில்லிமீட்டர் மகள், மெல்லிசு. புதுக்கைக்கு ஓட்டை விழும். ரெண்டு மில்லிமீட்டர் எடுங்க" என்றார். கூடின விலைக்கு விற்கப் பார்க்கிறார் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு 1.2ஐயே வாங்கினேன். நான் கேட்காமல் விட்ட ஒரே வசனம் அதுதான். முதல்முறை செய்கிறவர்கள் பொக்ஸ் பாரே எடுக்க வேண்டாம். 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள எல் அயன், அதாவது எல் எழுத்து மாதிரி மடிந்த இரும்பு, எடுங்கள். பாரம் கூடும், ஆனால் உங்கள் கை நடுக்கத்தை அது பொறுத்துக்கொள்ளும்.

இருபதடிப் பாரை ஓட்டோவில் கொண்டுவர முடியாது என்பதால் கடையிலேயே ஒவ்வொன்றையும் மூன்றாக வெட்டச் சொன்னேன். ஒரு துண்டு 80 இஞ்சி. வீட்டுக்கு வந்து, நீளப்பக்கத்துக்கு வேண்டிய 24 இஞ்சித் துண்டுகளை எல்லாவற்றிலும் மும்மூன்றாக வெட்டிக்கொண்டே போனேன். ஒவ்வொன்றிலும் 8 இஞ்சி மிச்சம், ஒன்றுக்கும் உதவாது. ஆறு துண்டில் நாலடி இரும்பு குப்பைக்குப் போனது. ஒரு 24உம் மூன்று 18உம் சேர்த்து வெட்டியிருந்தால் 78, மிஞ்சுவது இரண்டு இஞ்சிதான், அதுவும் கிரைண்டர் தின்னும் தூளோடு சரி. கணித டீச்சர்! வேண்டிய துண்டுகளின் பட்டியலை வீட்டிலேயே எழுதி, எந்தப் பாரில் எது எது என்று கூட்டிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கொப்பியில் அரைமணி நேர வேலை.

முதல் நாள் ஒட்டத் தொடங்கி இருபது நிமிடத்தில் பிளாஸ்டிக் கருகும் மணம் வந்தது. மலிவான சுருள் வயரில் பிளான்டைக் கொழுவியிருந்தேன், சுருளை விரிக்கவும் இல்லை. 80 அம்பியரில் ஒட்டும்போது இந்தச் சின்னப் பிளான்ட் சுவரிலிருந்து 13 அம்பியர் பக்கம் இழுக்கும். மெல்லிய வயர் அதைத் தாங்காது. சுற்றிவைத்த வயரில் வெப்பம் வெளியேறவும் வழியில்லை. உள்ளே ஒன்றோடொன்று உருகி ஒட்டிவிட்டது. 4,200 ரூபா வயர். பிறகு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் பத்து மீட்டரும் நல்ல பிளக்கும் 5,600 கொடுத்து வாங்கினேன். அப்போதும் முழுவதும் விரித்துவிட்டுத்தான் ஒட்டுகிறேன். வீட்டு மெயினில் டிரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். மணல் ஈரமாக இருந்தால் காய்ந்த பலகையில் நில்லுங்கள்.

அடுத்தது ஓட்டைகள். கடையில் 12 கேஜ் என்று சொல்லித் தரும் 2.5 மில்லிமீட்டர்க் குச்சியை 90 அம்பியரில் வைத்து அந்த மெல்லிய பாரில் தொட்டேன். முதலில் குச்சி ஒட்டிக்கொண்டு சிவந்தது. இழுத்துப் பிடுங்கித் திரும்பத் தொட்டேன். ஒரு கணம் எல்லாம் நன்றாக இருந்தது, அடுத்த கணம் ஒரு பட்டாணிக் கடலை அளவு வட்டம் உள்ளுக்குள் இடிந்து விழுந்தது. அதை அடைக்கப்போய் ஓட்டை பெரிதானது. அதை அடைக்கப்போய் மூலையே இல்லாமல் போனது. அன்று மட்டும் ஐந்து மூலை. கண்ணாடிக்குள்ளே அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. கிழமைக்கணக்கில் பழகிய பின் விளங்கியது இவ்வளவுதான். மெல்லிய இரும்புக்கு 2 மில்லிமீட்டர்க் குச்சி, 45 முதல் 50 அம்பியர். ஒரேயடியாகக் கோடு இழுக்காமல் ஒரு பொட்டு, சிவப்பு மறையும்வரை பொறுத்து அதன் பக்கத்தில் அடுத்த பொட்டு. குச்சி பிடிக்கும் வயரைப் பிளான்டின் நெகட்டிவ்வில் கொழுவினால் மெல்லிய இரும்பு இன்னும் கொஞ்சம் தாங்கும். நான் பாவித்த 6013 என்ற வகைக் குச்சி பொசிட்டிவ், நெகட்டிவ் இரண்டிலும் வேலை செய்யும்.

சத்தத்தைக் கேட்கப் பழகுங்கள் என்று இன்னொன்றும் சொல்வேன். அம்பியர் குறைவு, அல்லது குச்சி மிகக் கிட்ட இருந்தால் இருமுவது போல விட்டு விட்டு வெடிக்கும். தூரம் கூடினால் காற்று ஊதுவது போல ஒரு பரந்த சத்தம், சுற்றிலும் பொறி பறக்கும். சரியாக இருந்தால் சூடை மீன் பொரியும்போது வருமே, அந்த ஒரே சீரான சத்தம். அப்படி ஒட்டியதன் மேல் படியும் கசடு, ஆறியதும் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்ட ஓடு மாதிரிக் கழன்று வரும். சில நாள் என்ன செய்தும் மீன் பொரியவில்லை, பொரிவதற்குப் பதில் சீறியது. காரணம் என் கை இல்லை, குச்சி. பெட்டியைத் திறந்து பின்பத்தியில் இரண்டு கிழமை வைத்திருந்தேன், கடற்காற்றின் ஈரத்தைக் குடித்துவிட்டது. கச்சான் காற்று வீசும் ஆகஸ்ட் வெயிலில் தகரத்தின் மேல் பரப்பிக் காயவைத்த பிறகு ஓரளவு சரியானது. இப்போது மூடி இறுக்கமான பால்மா டின்னில் வைத்திருக்கிறேன்.

மூலைமட்டம் பிடிப்பதில் எனக்கு நம்பிக்கை இருந்தது. 18க்கு 24 சட்டம் என்றால் மூலைவிட்டம் சரியாக 30 இஞ்சி. பைதகரஸ், பத்தாம் வகுப்பு, வருடா வருடம் கரும்பலகையில் எழுதுவது. நாலு துண்டையும் தரையில் வைத்து அளந்தேன், 30. முதல் மூலையை வடிவாக, முழுவதுமாக ஒட்டினேன். பிறகு இரண்டாவது. நாலும் முடிந்ததும் அளந்தால் ஒரு பக்கம் முப்பதே முக்கால், மறுபக்கம் முப்பதுக்கு அவ்வளவே குறைவு. உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கித் தன் பக்கம் இழுக்கும் என்பது எந்தப் பைதகரஸிலும் இல்லை. கோணல் தெரியாது என்று விட்டேன். அதன் மேல் கால்களை ஒட்டினேன், கால்களும் தங்கள் பங்குக்கு இழுத்தன. நிமிர்த்தி வைத்தால் மூன்று காலில் நின்றுகொண்டு நாலாவதைத் தூக்கிக் காட்டியது, மதிலடியில் நிற்கும் நாய் மாதிரி.

இதற்கு முறை இருக்கிறது. முதலில் எந்த மூலையையும் முழுதாக ஒட்டக்கூடாது. ஒவ்வொரு மூலையிலும் ஒரே ஒரு பொட்டு. வெல்டிங்காரர் இதை டெக் என்பார்கள். நாலும் வைத்ததும் இரண்டு மூலைவிட்டத்தையும் அளக்க வேண்டும். நீளமாக இருக்கும் மூலையைத் தரையில் குத்தினால் பொட்டு வளைந்து கொடுக்கும். சரிவந்ததும் இன்னும் ஒரு பொட்டு, மறுபடி அளவு. பிறகு ஒரு மூலையில் கொஞ்சம், எதிர்மூலையில் கொஞ்சம் என்று மாறி மாறி ஒட்ட வேண்டும், இழுப்பு ஒன்றையொன்று தின்றுவிடும். தரையும் மட்டமாக இருக்க வேண்டும். நான் மணலில் பலகை போட்டுச் செய்தேன். இரண்டாம் முறை வீட்டு விறாந்தையின் சீமெந்தில் பழைய தகரம் விரித்துச் செய்தபோது ஒரு பாதி பிரச்சினை தானாகவே போய்விட்டது. மாமி விறாந்தையில் விழுந்த கறுப்புப் புள்ளிகளை இன்னும் எண்ணிக் காட்டுகிறார்.

கண்ணைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. பிளான்டோடு வந்தது கையால் பிடிக்கும் கண்ணாடி. ஒரு கையில் குச்சி, ஒரு கையில் கண்ணாடி, இரும்பைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. ஆகவே ஒரு பொட்டுத்தானே என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஏழெட்டுப் பொட்டு வைத்தேன். மாலைவரை ஒன்றும் இல்லை. இரவு ஒரு மணிக்குக் கண்ணுக்குள் ஒரு பிடி மணலை அள்ளிப் போட்டது போல விழித்தேன். பக்கத்து வீட்டு அக்கா தாய்ப்பால் விடச் சொன்னார், இன்னொருவர் உருளைக்கிழங்குச் சீவல் என்றார். ஒன்றும் வைக்காமல் விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருந்து தந்தார்கள், இரண்டு நாளில் மாறியது. திரும்பி வரும் வழியிலேயே தானாக இருளும் தலைக்கவசம் 6,500 ரூபாவுக்கு வாங்கினேன், இந்த அம்பியருக்கு இருள் எண் 10 காணும். இதுதான் நீங்கள் பிளான்டுக்கு முன்னால் வாங்க வேண்டிய பொருள். வேலியில் நின்று பார்க்கும் பிள்ளைகளையும் அனுப்பிவிடுங்கள், அவர்களுக்கும் அதே கண்தான். நைலோன் நைட்டியும் ரப்பர்ச் செருப்பும் வேண்டாம். கணவரின் டெனிமையும் சப்பாத்தையும் போட்டுக்கொண்டுதான் இப்போது நான் ஒட்டுவது.

என்னை உண்மையிலேயே பயமுறுத்தியது கைபிடி. வண்டியைத் தள்ள ஒரு குழாய் வேண்டும், கிணற்று மோட்டருக்குப் போட்டு மிஞ்சிய அரை இஞ்சி ஜீ.ஐ. பைப் பத்தியில் கிடந்தது. பளபளவென்று இருக்கிறதே, துருவும் பிடிக்காது என்று எடுத்தேன். அன்று காற்று அதிகம், பொறி பறக்கக்கூடாதென்று பத்தியின் இரண்டு பக்கமும் தகரத்தால் மறைத்துவிட்டு ஒட்டினேன். வெள்ளைப் புகை குபுகுபுவென்று எழுந்தது. ஒட்டின இடத்தைச் சுற்றி இலவம்பஞ்சு மாதிரி வெள்ளையாக ஏதோ பறந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு முடித்தேன். ஆறு மணிக்கு வாய்க்குள் செம்பைச் சப்பியது போல ஒரு தித்திப்பு. எட்டு மணிக்கு நடுக்கம், இரண்டு போர்வை போர்த்தியும் பல்லுக் கிட்டியது. காய்ச்சல், மூட்டெல்லாம் உளைவு.

திருகோணமலையில் காய்ச்சல் என்றால் முதலில் நினைவு வருவது டெங்கு. 2017இல் கிண்ணியாவில் டெங்கு பரவியதை நாங்கள் மறக்கவில்லை. மாமி விளக்கேற்றி வைத்துவிட்டார். கட்டாருக்குச் சொல்லவில்லை, சொன்னால் பிளான்டை விற்கச் சொல்வார். காலையில் தனியார் வைத்தியரிடம் போய் இரத்தம் சோதித்தோம், எல்லாம் சரியாக இருந்தது. அவர்தான் நிதானமாக, "நேற்று முழுக்க என்ன செய்தீங்க டீச்சர்?" என்று கேட்டார். சொன்னதும் சிரித்தார். ஜீ.ஐ. பைப்பின் மேல் பூச்சு துத்தநாகம். அது 907 பாகையிலேயே கொதித்து ஆவியாகும், இரும்பு உருக 1,500 பாகை அளவில் வேண்டும். ஆகவே இரும்பு உருகும் முன்பே பூச்சு புகையாகி மூக்குக்குள் போய்விடும். அடுத்த நாள் பின்னேரத்துக்குள் காய்ச்சல் அடையாளமே இல்லாமல் போனது. ஆனாலும் டெங்கு இல்லை என்று உறுதியாக மறுபடி சோதிக்கச் சொன்னார், செய்தேன். எல்லாமாக 3,000 ரூபா. பால் குடித்துவிட்டு ஒட்டினால் ஒன்றும் செய்யாது என்று பட்டறைகளில் சொல்வார்கள். பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நெஞ்சுக்குப் போகிறது. ஜீ.ஐ.யை ஒட்டியே ஆகவேண்டுமென்றால் ஒட்டும் இடத்தைச் சுற்றி இரண்டு மூன்று இஞ்சிக்குப் பூச்சைக் கிரைண்டரால் தேய்த்து எடுங்கள், வெட்டவெளியில், காற்று உங்கள் முதுகுப்பக்கமிருந்து வர நில்லுங்கள். கடையில் பொக்ஸ் பாரும் ஜீ.ஐ.யில் வரும், அதனால் பளபளப்பைப் பார்த்து ஏமாறாமல் கேட்டு வாங்குங்கள். மூச்சு முட்டினால் மறுநாள் மாறும் என்று காத்திருக்க வேண்டாம்.

அதற்குப் பிறகு பத்து நாள் பிளான்டைத் தொடவில்லை. பள்ளிக்கூடமும் தொடங்கிவிட்டது. ஒரு சனிக்கிழமை நானாவின் கடைக்குத் திரும்பப் போனேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டு எல் அயன் இருக்கும் பக்கம் கையைக் காட்டினார். 2,700 ரூபாவுக்கு எல் அயன். இந்தமுறை துண்டுப் பட்டியலோடு போயிருந்தேன், அவரே அளவுக்கு வெட்டித் தந்தார். முதல் நாளே சட்டத்தில் தொடங்காமல் வெட்டிக் கழித்த துண்டுகளில் ஒரு மாலை முழுக்க ஒட்டி ஒட்டி உடைத்தேன். ஒட்டியதைச் சுத்தியலால் அடித்து உடைத்துப் பார்ப்பதுபோல் ஒரு படிப்பினை கிடையாது. மேலே அழகாக இருந்த ஒட்டு உள்ளே பிடிக்கவேயில்லை என்பது உடைத்தால்தான் தெரியும். 12 கேஜ் குச்சி, 80 அம்பியர், 3 மில்லிமீட்டர் இரும்பு: மீன் பொரிந்தது. புதுச் சட்டம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது. பழைய வண்டியில் ஒழுங்காக வந்திருந்த ஒரே பாகம் அந்தச் சிலிண்டர்த் தட்டு, 13 இஞ்சிச் சதுரம். தேவையில்லை என்று தெரிந்தும் எறிய மனம் வரவில்லை, வெட்டியெடுத்துப் புது வண்டியின் பின்னால் ஒட்டிவிட்டேன்.

இனிச் சில்லு. நாலு இஞ்சிச் சுழல்சில்லு நாலு, ஒன்று 850 ரூபா. விறாந்தையில் பூட்டி ஒரு விரலால் தள்ளினேன், தண்ணீரில் தோணி போவது மாதிரி ஓடியது. மாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன். படியிறக்கி மணலில் வைத்துத் தள்ளினேன். சில்லு சுழலவில்லை, நாலும் நாலு திசையைப் பார்த்துக்கொண்டு புதைந்தன. பலமாகத் தள்ள, முன்பக்கம் மூக்குக் குத்தி வண்டி கவிழ்ந்தது. நல்லகாலம், பிளான்டை ஏற்றியிருக்கவில்லை. மாமி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "பிள்ளை, இதைத் தூக்கிக்கொண்டு போக இன்னொரு வண்டி செய்யேன்" என்றார். அலஸ்தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். குழந்தையாக இருந்தபோது மூன்றுசில்லுச் சைக்கிள் இந்த மணலில் ஓடாமல் அழுதவள். வண்டியைச் செய்வதற்கு முன் பத்தியிலிருந்து வீட்டுப் படிவரை ஒருதரம் நடந்து, எங்கே மணல், எங்கே வேர், எங்கே படி என்று பார்த்திருந்தால் வரைபடமே வேறாக இருந்திருக்கும். அந்த வழியில் சீமெந்து என்று ஒரு சாண்கூட இல்லை.

கடைசியில் வீல்பரோவுக்குப் போடுகிற காற்றடிக்கும் சில்லு இரண்டு, ஒன்று 3,800 ரூபா. குறுக்காக 15 இஞ்சி அளவு இருக்கும், டயரும் அகலம். மணலை வெட்டாமல் அதன் மேல் ஏறிப் போகும். காற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் இன்னும் நல்லது. முன்பக்கம் சில்லே இல்லை, இரண்டு கால் மட்டும். கைபிடியைத் தூக்கினால் ஓடும், விட்டால் அசையாமல் நிற்கும். அச்சுக் கம்பியைச் சட்டத்தோடு ஒட்டும்போது சில்லைக் கழற்றி வைத்துவிடுங்கள், சூட்டில் டயர் இளகும். எர்த் கிளாம்பை, அதாவது பிளான்டின் மற்ற வயர் நுனியில் இருக்கும் கவ்வியை, ஒட்டுகிற இரும்பிலேயே, துருவும் பெயின்டும் சுரண்டிய இடத்தில் கடிக்க வையுங்கள். மின்சாரம் பெயரிங் வழியாகப் போனால் உள்ளே குண்டுகள் குழிவிழும், பிறகு சில்லு கரகரக்கும்.

பெயின்டை நாளைக்கு என்று வைக்காதீர்கள். எங்கள் பக்கம் கிரைண்டரால் தேய்த்த இரும்பு ஒரே இரவில் செம்மஞ்சளாகும். கசடை முழுவதும் தட்டி, கம்பித் தூரிகையால் தேய்த்து, அன்றே துருவைத் தடுக்கும் அன்டிகொரசிவ் பெயின்ட் இரண்டு பூச்சு. அதற்கு மேல்தான் நிறம். எல் அயனின் உட்கோணத்திலும் அடிப்பக்கத்திலும் தான் உப்பு முதலில் பிடிக்கும், ஆனால் நாம் பூசுவதோ கண்ணுக்குத் தெரிகிற பக்கம். வண்டியைக் கவிழ்த்து வைத்து அடியிலிருந்து பூசத் தொடங்கினேன். இதற்கு 2,850.

கொப்பியின் மற்ற வரிகள்: முதல் பொக்ஸ் பார் 5,800, குச்சி இரண்டு அளவிலும் 3,700, வெட்டும் கல் பதினாலு 1,820. வெட்டும் கல்லில் பாதி, பிழையாக ஒட்டியதைத் திரும்ப வெட்டவே போனது. பார், சுழல்சில்லு, கருகின வயர், இரத்தச் சோதனை, இவை நாலும் மட்டும் 16,400 ரூபா. இதைச் சுத்தமான நட்டம் என்று எழுதி அடியில் கோடு போட்டிருக்கிறேன். தலைக்கவசமும் நல்ல வயரும் செலவு இல்லை, அவை எப்படியும் வேண்டும். சுழல்சில்லை மகனின் புத்தக அலுமாரிக்குப் பூட்டிவிட்டேன், அது விறாந்தையில் நன்றாகத்தான் ஓடுகிறது.

கார்த்திகையில் முதல் பெருமழை இரவு பெய்தது. எழுந்து போய்ப் பிளான்டோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன், ஈர மணலில் சில்லு இறங்கவேயில்லை. படியில் ஏற்றவும் கைபிடியைப் பின்னால் இழுத்தது காணும். விறாந்தையில் நிறுத்திவிட்டு நனைந்த தலையோடு அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். கணவருக்குப் படம் அனுப்பினேன், "பின்னால அந்தத் தட்டு எதுக்கு?" என்று கேட்டார். பதில் சொல்லவில்லை.

பதில் அடுத்த கிழமை கிடைத்தது. கேஸ் லொறி பெரிய வீதியில்தான் நிற்கும், எங்கள் ஒழுங்கைக்குள் வராது. 12.5 கிலோ சிலிண்டரை, அதன் சொந்தப் பாரத்தோடு, இவ்வளவு காலமும் மாமியும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, நாலு இடத்தில் வைத்து வைத்துத்தான் கொண்டுவருவோம். 2022இல் கேஸ் தட்டுப்பாட்டில் வரிசையில் நின்றபோது அதை மணலில் உருட்டி உருட்டி என் முதுகு போனது. அன்று லொறியின் சத்தம் கேட்டதும் மாமி எழுந்து போய்ப் பிளான்டைத் தானே இறக்கி விறாந்தையில் வைத்துவிட்டு, வெறும் சிலிண்டரைப் பின்தட்டில் நிறுத்திக் கயிற்றால் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு ஒழுங்கையில் இறங்கினார். நிறைந்த சிலிண்டரோடு தனியாகத் திரும்பி வந்தார். வழியில் இரண்டு வீட்டார் நிறுத்தி எங்கே வாங்கியது என்று கேட்டார்களாம். இப்போது வண்டி அடுப்படிப் பக்கம் நிற்கிறது. பிளான்ட் விறாந்தை மூலையில், இரண்டு செங்கல்லின் மேல் இருக்கிறது.